உப்புக் கல்லைத் தண்ணீர் எப்படி உடைக்கிறது? புத்தளத்து உப்பு வயலிலிருந்து ஒரு கேள்வி

2025ஆம் ஆண்டு, நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த இந்த நாட்டில் கடைகளில் உப்புப் பைக்கற்றுக்குத் தட்டுப்பாடு வந்தது. இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய வேண்டிய நிலைக்கு அரசாங்கம் தள்ளப்பட்டது. காலம் தப்பிப் பெய்த மழையே காரணம் என்று சொல்லப்பட்டது. அந்தச் செய்திக்காகவே நான் புத்தளத்துக்குப் போனேன். பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டுக் கற்பிட்டிப் பக்கம் திரும்பி, களப்போரமாக இருந்த உப்பு வயல் ஒன்றுக்குள் இறங்கினேன்.

அங்கே ஒரு நானாவைச் சந்தித்தேன். மன்னார்த் தீவைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு வயது 22. படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர், அன்றிலிருந்து இந்த வயல்களில் கூலி வேலை செய்கிறார். மழையால் எத்தனை நாள் வேலை போனது, கூலி எவ்வளவு குறைந்தது என்று நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தங்கச்சி, மழை பெஞ்சா உப்பு போயிரும் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஏன் போகுது? இந்தக் கல்லு உப்ப அடிச்சு உடைக்க வேணும். நெருப்பில போட்டாலும் லேசில உருகாது. தண்ணி மட்டும் எப்பிடிச் சத்தமில்லாம உடைக்குது? நீங்க படிச்ச ஆள்தானே, சொல்லுங்க."

நான் படித்தது ஊடகக் கற்கை. விஞ்ஞானம் எனக்குச் சாதாரண தரத்தோடு முடிந்த கதை. "கேட்டுச் சொல்லுறன் நானா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேட்பதற்கு எனக்கு ஒருத்தி இருந்தாள். 2009இல் செட்டிகுளம் முகாமில் நாங்கள் இருவரும் ஒரே கூடாரத்துக்குள் இருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்தோம். நான் கலைப்பிரிவு, அவள் விஞ்ஞானப் பிரிவு. இப்போது வெளிநாடொன்றில் கணினி இரசாயனவியலில் ஆய்வு செய்கிறாள். கரைப்பான் என்று இரசாயனவியலில் சொல்லப்படும் தண்ணீரும் அதுபோன்ற திரவங்களும், தமக்குள் கரைந்திருக்கும் பொருளை எப்படி மாற்றுகின்றன என்று கணினியில் கணக்கிடுவதுதான் அவளுடைய வேலை. நானாவின் கேள்வியைச் சொன்னதும் சிரித்தாள். "எங்கட துறையையே நூறு வருசமாக அலைக்கழிக்கிற கேள்வியடி அது" என்றாள்.

வயலில் நடப்பது

முதலில் நானாவிடம் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வரட்சிக் காலத்தில் புத்தளம் களப்பின் நீர் கடல்நீரைவிட உவர்ப்பாகிவிடும். இந்த நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்ற விடுகிறார்கள். நீரின் அடர்த்தியை போமே மானி என்ற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு அளக்கிறார்கள். கடல்நீர் அதில் மூன்றரைப் பாகை அளவில் இருக்கும்.

நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும், அதன் பிறகு ஜிப்சமும் படியும். சமையலுக்கு நாம் பாவிக்கும் உப்பு, அதாவது சோடியம் குளோரைட்டு, கடல்நீர் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வற்றி 25 பாகையைத் தொடும்போதுதான் பளிங்காகத் தொடங்கும். 29, 30 பாகைக்கு மேல் மிஞ்சுகிற நீரை வெளியேற்றிவிட வேண்டும். அதில் மக்னீசிய உப்புகள் இருப்பதால் கசக்கும்.

ஒரே தண்ணீரிலிருந்து ஒவ்வொரு பொருளும் தன் முறை வரும்போதுதான் வெளியே வருகிறது. ஜிப்சம் ஒரு லீற்றர் நீரில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். உப்போ ஏறத்தாழ 360 கிராம் கரையும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் உப்பளம் என்ற தொழிலே நடக்கிறது. வேறுபாடு ஏன் வருகிறது என்பதுதான் நானாவின் கேள்வி.

தண்ணீர் செய்யும் வேலை

உப்புக் கல்லுக்குள் நேர் ஏற்றமுள்ள சோடியம் அயன்களும் மறை ஏற்றமுள்ள குளோரைட்டு அயன்களும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. எதிர் எதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று கடுமையாக இழுத்துக்கொள்வதால் கல் இறுகிக் கிடக்கிறது. அதை உருக்க 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நானா சொன்னது சரிதான். அடுப்பு நெருப்பு அதற்குப் போதாது.

தண்ணீர் மூலக்கூறு வளைந்த வடிவமானது. அதன் ஒட்சிசன் பக்கம் சற்று மறை ஏற்றமாகவும், இரண்டு ஐதரசன் பக்கங்களும் சற்று நேர் ஏற்றமாகவும் இருக்கும். உப்புக் கல் நனைந்ததும் சோடியத்தை நோக்கித் தண்ணீர் தன் ஒட்சிசன் பக்கத்தைத் திருப்புகிறது, குளோரைட்டை நோக்கி ஐதரசன் பக்கத்தைத் திருப்புகிறது. ஒரு சோடியம் அயனைச் சுற்றி ஐந்து, ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் நெருங்கி நின்றுகொள்கின்றன. கல்லுக்குள் இருந்த பிடிக்கு ஈடான ஒரு பிடியைத் தண்ணீர் கொடுக்கிறது. அதனால் அயன் கல்லை விட்டுவிட்டு வருகிறது.

இங்கே தோழி எனக்குச் சொன்ன ஒரு விடயம் நான் எதிர்பார்க்காதது. ஒரேயொரு சோடியமும் ஒரேயொரு குளோரினும் சேர்ந்த உப்பு மூலக்கூறை வெற்றிடத்தில் வைத்து இழுத்துப் பிரித்தால், அது அயன்களாகப் பிரியாது. ஏற்றமில்லாத இரண்டு அணுக்களாகத்தான் பிரியும். வெற்றிடத்தில் அயன்களாகப் பிரிவதற்கு அதைவிடக் கூடிய சக்தி தேவை. தண்ணீருக்குள் நிலைமை தலைகீழ். ஒரே பொருள், சுற்றியிருப்பது மாறினால், பிரிகிற விதமே மாறிவிடுகிறது. ஆகவே தண்ணீரை விட்டுவிட்டு உப்பை மட்டும் கணினியில் கணக்கிட்டால், கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் விடை பிழைதான்.

787, 783, 4

இப்போது எண்களுக்கு வருவோம். ஒரு மூல் உப்பு என்பது 58 கிராமுக்குச் சற்று அதிகம், ஏறத்தாழ மூன்று மேசைக்கரண்டி. அந்த உப்புக் கல்லைத் தனித்தனி அயன்களாகப் பிய்த்தெடுக்க 787 கிலோயூல் சக்தி வேண்டும். அந்த அயன்களைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும்போது ஏறத்தாழ 783 கிலோயூல் சக்தி திரும்பி வருகிறது. செலவுக்கும் வரவுக்கும் இடையில் மிஞ்சுவது 4 கிலோயூல் பற்றாக்குறை மட்டுமே. அயன்கள் கல்லை விட்டு நீர் முழுவதும் பரவிச் சிதறும் இயல்பான நாட்டம் அந்தச் சிறு பற்றாக்குறையை ஈடுசெய்கிறது. அதனால் உப்பு கரைகிறது.

இந்தச் சிறிய 4இன் விளைவை நாம் சமையலறையிலேயே பார்க்கலாம். 100 மில்லிலீற்றர் சாதாரண நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பு கரையும். கொதிநீரில்கூட 39 கிராம்தான். சீனி அப்படியில்லை. சாதாரண நீரில் 200 கிராம் கரைந்தால் கொதிநீரில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கரையும். உப்புக்கு வெப்பம் பெரிய வித்தியாசத்தைத் தருவதில்லை. ஆகவே உப்பு நீரைக் குளிரவைத்து உப்பெடுக்க முடியாது, நீரை வற்ற வைத்தே ஆக வேண்டும். அதற்கு வெயிலும் காற்றும் மழையில்லாத வாரங்களும் வேண்டும். புத்தளத்துத் தொழிலாளி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கான காரணம் இங்கேதான் தொடங்குகிறது.

கணினிக்கும் இந்த 4தான் தலையிடி. 787இலும் 783இலும் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை விட்டாலே அது 8 கிலோயூல். தேடுகிற விடையைவிடப் பிழை பெரிதாகிவிடும்.

தண்ணீரைக் கணக்கில் சேர்க்கும் இரண்டு வழிகள்

ஒரு சிறு துளித் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, கோடியைக் கோடியால் பெருக்கி அதை இன்னொரு தடவை கோடியால் பெருக்கினால் வருவதைவிட அதிகம். எந்தக் கணினியும் அவ்வளவையும் பின்தொடர முடியாது. ஆகவே சுருக்க வேண்டும். சுருக்குவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

இதை விளங்கப்படுத்தத் தோழி எங்கள் முகாமையே உதாரணமாக எடுத்தாள். "நிவாரணம் குடுக்க வாற ஆக்கள் எங்களை எப்பிடிப் பார்த்தவை? இந்த வலயத்தில இத்தனை குடும்பம், இத்தனை தலை. அந்தக் கணக்கு வைச்சு எத்தனை மூட்டை அரிசி எண்டு முடிவெடுக்கலாம். பிழையில்லை. ஆனா பக்கத்துக் கூடாரத்தில ஆருக்குக் காய்ச்சல் எண்டு அதில தெரியாது. அதுக்கு ஒவ்வொரு முகமாகப் பார்க்கவேணும்."

முதல் வழி இந்த மொத்தக் கணக்கு. தண்ணீரை மூலக்கூறுகளாகப் பார்க்காமல், ஏற்றங்களின் இழுவிசையைத் தணிக்கிற ஒரு சீரான ஊடகமாக மட்டும் எடுத்துக்கொள்வது. தணிக்கும் திறனை ஒரே எண்ணில் சொல்லலாம். தண்ணீருக்கு அது ஏறத்தாழ 78. அதாவது வெற்றிடத்தில் இரண்டு ஏற்றங்களுக்கு இடையில் இருக்கும் விசை, தண்ணீரில் 78இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தேங்காய் எண்ணெய் போன்றவற்றுக்கு அந்த எண் ஏறத்தாழ 3 மட்டுமே. எண்ணெய்க்குள் போட்ட உப்பு அப்படியே கல்லாகக் கிடப்பது இதனால்தான்.

இந்த வழியில் முதலில் கணக்குப் போட்டவர் ஜேர்மனிய விஞ்ஞானி மக்ஸ் போர்ன். 1920இல், அயனை ஏற்றமுள்ள ஒரு சிறு உருண்டையாகக் கருதி, அதை ஊடகத்துக்குள் வைக்கும்போது எவ்வளவு சக்தி வெளிவரும் என்று ஒரு சமன்பாடு தந்தார். நாசிகளால் வேலை இழந்து நாட்டைவிட்டு வெளியேறிய இவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமனின் அழைப்பில் 1935-36இல் பெங்களூரில் சில மாதங்கள் தங்கியிருந்தவர். 1936இல் லார்ஸ் ஒன்சாகர் இந்த வழியை மேலும் வளர்த்தார். கரைந்த மூலக்கூறு ஊடகத்தை மாற்றுகிறது, மாறிய ஊடகம் திரும்பி அந்த மூலக்கூறை மாற்றுகிறது என்பதை அவர் கணக்கில் சேர்த்தார். 1981இல் இத்தாலியின் பீசா நகரில் ஜக்கோப்போ தொமாசியும் உடன் ஆய்வாளர்களும், உருண்டைக்குப் பதிலாக மூலக்கூறின் உண்மையான வடிவத்திலேயே ஊடகத்தில் ஒரு குழி வெட்டிக் கணக்கிடும் முறையை உருவாக்கினார்கள். இன்று மருந்து ஆய்விலும் பல்கலைக்கழகங்களிலும் பெருமளவு பாவிக்கப்படும் முறைகள் இதன் வழிவந்தவை. கணக்கு விரைவாக முடியும். ஆனால் அயனை ஒட்டி நிற்கிற அந்த ஐந்து, ஆறு தண்ணீர் மூலக்கூறுகளை இந்த முறை காணாது.

இரண்டாவது வழி முகம் பார்ப்பது. தண்ணீர் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கணினிக்குள் வைத்து, அவை ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன, இழுக்கின்றன என்று கணக்கிட்டு, நகர விடுவது. இதைத் தொடக்கிவைத்தவர்களில் முக்கியமானவர் நமது பிராந்தியத்துக்காரர். ஐதராபாத்தில் பிறந்து அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அனீசுர் ரஹ்மான், 1964இல் 864 ஆர்கன் அணுக்களைக் கணினியில் அசையவிட்டுத் திரவத்தின் நடத்தையைக் காட்டினார். 1971இல் பிராங் ஸ்டிலிங்கருடன் சேர்ந்து தண்ணீருக்கும் அதையே செய்தார். அவர்களிடம் இருந்த தண்ணீர் வெறும் 216 மூலக்கூறுகள்.

அவ்வளவு கொஞ்சத் தண்ணீரை வைத்து எப்படி? ஒரு தந்திரம் இருக்கிறது. மூலக்கூறுகளை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டி எல்லாப் பக்கமும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருப்பதாகக் கொள்கிறார்கள். வலப்பக்கத்தால் வெளியேறுகிற மூலக்கூறு இடப்பக்கத்தால் உள்ளே வரும். ஆகவே கரையே இல்லாத தண்ணீர் கிடைக்கிறது. ஒவ்வொரு அடியாக நகர்த்த வேண்டும். ஒரு அடி என்பது, ஒரு விநாடியை ஆயிரம் இலட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் ஒன்றிரண்டு பங்கு. அதனால்தான் இந்தக் கணக்குகள் நாட்கணக்கில் ஓடுகின்றன.

இரண்டையும் கலக்கும் வழியும் உண்டு. கவனிக்க வேண்டிய சிறு பகுதியை மிக நுட்பமான குவாண்டம் கணக்கிலும், சுற்றியுள்ளவற்றை எளிய கணக்கிலும் நடத்துவது. 1976இல் ஆரியே வார்ஷெலும் மைக்கல் லெவிற்றும் இதை ஒரு நொதியத்துக்குச் செய்து காட்டினார்கள். மார்ட்டின் கார்ப்ளஸுடன் சேர்த்து அவர்களுக்கு 2013இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

கணினி தோற்ற இடம்

இவ்வளவும் கேட்டபிறகு நான் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டேன். "அப்ப ஒரு கிலோ தண்ணியில எவ்வளவு உப்புக் கரையும் எண்டு உன்ர கணினி சரியாச் சொல்லுமா?"

"இல்லை" என்றாள்.

எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 360 கிராம் உப்பு கரையும் என்பது பாடசாலை ஆய்வுகூடத்தில் அளக்கக்கூடிய விடயம். 2008இல் வெளியான, பரவலாகப் பாவிக்கப்படும் உப்பு மாதிரி ஒன்றுக்குப் பல ஆய்வுக் குழுக்கள் இந்தக் கணக்கைப் போட்டன. ஒரே மாதிரிக்கே வெவ்வேறு குழுக்களுக்கு வெவ்வேறு விடைகள் வந்தன. யாருடைய கணக்கு முறையில் பிழை என்று பார்த்துத் திருத்தி, 2016 அளவில்தான் அவர்கள் ஒரு விடையில் உடன்பட்டார்கள். அந்த விடை ஏறத்தாழ 216 கிராம். உண்மையில் கரைவதில் ஐந்தில் மூன்று பங்குதான்.

காரணம் என்ன? அந்த மாதிரியில் ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறுக்கும் ஏற்றம் நிரந்தரமாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. உண்மைத் தண்ணீர் அப்படியல்ல. பக்கத்தில் சோடியம் வந்தால் அதன் இலத்திரன் முகில் ஒருவிதமாகச் சாயும், குளோரைட்டு வந்தால் வேறுவிதமாகச் சாயும். சுற்றத்துக்கு ஏற்ப நெகிழ்கிற இந்த இயல்பை மாதிரி பிடிக்கவில்லை. மட்ரிட்டில் உள்ள ஓர் ஆய்வுக் குழு, அயன்களின் ஏற்றத்தை முழு 1 என்று கொள்ளாமல் 0.85 என்று குறைத்துப் பார்த்தது. உப்புக் கரைசலின் பல இயல்புகள் உண்மைக்கு அருகில் வந்தன. அயனின் ஏற்றம் உண்மையில் குறைந்துவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை. நெகிழ மறுத்த தண்ணீருக்கு அது ஒரு ஈடு.

"பாலாவியில வேலை செய்யிற ஒராளுக்குக் கையில தெரிஞ்ச விடையை எங்கட கணினி இன்னும் தேடுது. அதை நாங்கள் ஒளிக்கிறதில்லை. எங்க பிழைக்குது எண்டு தெரிஞ்சாத்தான் எதை நம்பலாம் எண்டும் தெரியும்" என்றாள்.

எங்களுக்கு இதனால் என்ன?

கற்பிட்டிக் குடாநாட்டு மண் மணல். அதில் மரக்கறிப் பயிர்ச்செய்கைக்கு உரம் அதிகம் போடப்படுகிறது. கிணற்று நீரில் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி நைத்திரேற்று இருப்பதை ஆய்வுகள் பல ஆண்டுகளாகவே காட்டி வந்துள்ளன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் இதே பிரச்சினை. நைத்திரேற்றைத் தண்ணீர் மிக இலகுவாகச் சூழ்ந்துகொள்கிறது. எந்தச் சாதாரண உப்புடன் சேர்ந்தாலும் அது அடியில் படியாது. ஆகவே கண்ணுக்குத் தெரியாது, துணியால் வடித்தாலும் போகாது. ஒன்றைக் கவனியுங்கள்: கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாவதால் மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைகளுக்குப் பால்மா கரைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி எழுந்த சர்ச்சையையும் நினைத்துப் பாருங்கள். எரிபொருளில் இருக்கும் பொருட்கள் எல்லாம் ஒரே அளவில் கரைவதில்லை. எக்சேன் ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராமின் நூறில் ஒரு பங்குதான் கரையும். பென்சீனோ ஒன்றரைக் கிராமுக்கு மேல் கரையும். மேலே மிதக்கும் படலத்தை அள்ளி எறிந்தாலும் கரைந்தது உள்ளேயே இருக்கும். எது எவ்வளவு கரையும் என்பதை ஒவ்வொரு பொருளுக்கும் அளந்துகொண்டிருக்க முடியாத இடங்களில், ஒரு முதல் மதிப்பீட்டைத் தருவதற்குக் கணினி உதவுகிறது. நீரைச் சுத்திகரிக்கும் மென்சவ்வுகளை வடிவமைப்பதிலும் இதே கணக்குத்தான். சவ்வின் நுண்துளைக்குள் நுழைய வேண்டுமென்றால் சோடியம் தன்னைச் சூழ்ந்த தண்ணீரில் ஒரு பகுதியையாவது விட வேண்டும். விடுவதற்கு எவ்வளவு சக்தி செலவாகும் என்பதில் சவ்வின் திறமை தங்கியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் தலைமுறையில் வன்னிப் பாடசாலைகளில் ஆய்வுகூடம் என்பது பெரும்பாலும் பெயர்ப்பலகை மட்டும்தான். அமிலம் வராது, வந்தால் குழாய் இருக்காது. இந்தத் துறைக்குத் தேவையானது ஒரு கணினியும் மின்சாரமும் பொறுமையும். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய குரோமாக்ஸ் என்ற மென்பொருள் எவருக்கும் இலவசம். ரஹ்மானின் 216 மூலக்கூறுத் தண்ணீரை இன்று ஒரு சாதாரண மடிக்கணினியிலேயே ஓட்டலாம். கிளிநொச்சியிலோ புத்தளத்திலோ உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை நினைத்தால், இந்தக் கணக்கைத் தொடங்கிப் பார்க்கத் தடையில்லை.

மீண்டும் நானாவிடம்

எனக்கு உப்பு என்றால் நினைவு வருவது 2009தான். அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சி. உப்புக் கிடைக்காத நாளில் அதைக் குடிக்க முடியாமல் இருந்தது இன்னும் நாக்கில் இருக்கிறது. 1990இல் போரோடு மூடப்பட்ட ஆனையிறவு உப்பளம், அந்த நாட்களில் எங்களுக்கு ஒரு ஊரின் பெயர் மட்டும்தான். அதே 1990இல் தன் ஊரை இழந்தவர் எனக்கு உப்பைப் பற்றிக் கற்றுத்தருவார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

சொன்னபடி நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். 787, 783 எல்லாம் சொல்லவில்லை. தண்ணீருக்கு இரண்டு பக்கம் இருக்கிறது, ஒரு பக்கத்தால் சோடியத்தையும் மற்றப் பக்கத்தால் குளோரைட்டையும் சூழ்ந்து நின்று கல்லிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டி வந்துவிடுகிறது என்றேன். எவ்வளவு கரையும் என்பதைக் கணினி இன்னும் சரியாகச் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப தண்ணி உடைக்கல்ல. சூழ்ந்துகொண்டு கூட்டிப் போகுது" என்றார். பிறகு, "சரி தங்கச்சி, உங்கட கூட்டாளிக்கிட்ட இன்னொண்டு கேளுங்க. இந்த முறை மழை எப்ப வரும் எண்டு கணக்குப் போட்டுச் சொல்ல ஏலுமா? எங்களுக்கு அதுதான் வேணும்."

அது வேறு துறை என்று சொன்னேன். "அப்ப அந்தத் துறையில ஆரையும் தெரிஞ்சா கேட்டுச் சொல்லுங்க" என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன்.